மென்மைக்கு ஒரு விலை

சென்ற ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு. இரண்டாம் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். பங்கு இல்லத் திண்ணையில் நெசவாளர் ஒருவர் தம் மகளுடன் காத்திருந்தார். ஆரணிக்கு மாற்றலாகி வந்த நாள் முதல் எனக்கு அறிமுகமான குடும்பம் அது. தறிக்குழியில் கால் வைத்தால் பொழுது சாயும்வரை எழாத மனிதர் அவர். அப்படிப்பட்டவர் காத்திருக்கிறார் என்றால் கடன் பற்றியோ கல்விக் கட்டணம் பற்றியோ பேச வந்திருப்பார் என்று எண்ணினேன். ஆனால் சிறுமிதான் முன்னே வந்து, தந்தையின் கைபேசியை என்னிடம் நீட்டினாள்.

திரையில் ஒரு நாய்க்குட்டி. பஞ்சுப் பொதிக்குள் இரு நீல மணிகளைப் பதித்தாற்போன்ற முகம். கழுத்து எங்கே முடிகிறது, உடல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி உடலெங்கும் உரோமம்.

"சடைநாய் வேணும்னு ஒரு மாசமா அழுகிறாள், சாமி. எந்த ஜாதி நாய் நல்லது? வாங்கலாமா, வேண்டாமா? நீங்க முன்னே நாய் வளர்த்தீங்கன்னு சொன்னாங்க" என்றார் தந்தை.

விளையாட்டுக் கேள்வி என்று நகைத்து அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. அவ்வீட்டு மூதாட்டியை அத்தவக்காலத்தின் தொடக்கத்தில்தான் நான் அடக்கம் செய்திருந்தேன். பள்ளி விட்டு வந்ததும் அச்சிறுமி ஆயாவின் மடியில் தலை வைத்துத்தான் வீட்டுப்பாடம் படிப்பாள். தாய் தார் சுற்றுவதிலும் தந்தை தறியிலும் இருக்க, அவளுக்கென்று ஓய்ந்திருந்த ஒரே மடி அதுதான். இப்போது கட்டிக்கொள்ள மெத்தென்று ஒன்று வேண்டும் என்கிறாள். அவள் கேட்பது நாய் மட்டுமன்று என்பது எனக்குப் புரிந்தது.

"உங்கள் வீட்டுக்கு வருகிறேன். பார்த்துப் பேசுவோம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். உடனே விடை சொல்ல இயலாமைக்குக் காரணம் இருந்தது. நான் நாய் வளர்த்தது உண்மை. அது எப்படி முடிந்தது என்பதை இதுவரை நான் எவரிடமும் முழுமையாகச் சொன்னதில்லை.

குருவாகித் தனியே ஒரு பங்கின் பொறுப்பை ஏற்ற முதல் ஆண்டுகள். இன்றைக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. ஊரைவிட்டு மாறிச் சென்ற ஒரு குடும்பத்தார், தங்கள் வெள்ளை நாயை என்னிடம் ஒப்படைத்துச் சென்றார்கள். பொமரேனியன் என்று நம் ஊர்களில் அதனைச் சொல்வோம். 1980களிலும் 1990களிலும் நம் நகரத்து வீடுகளில் பெரிதும் விரும்பி வளர்க்கப்பட்டது அவ்வகைதான். உண்மையில் அவற்றுள் பெரும்பாலானவை ஐரோப்பாவின் ஸ்பிட்ஸ் இனத்திலிருந்து இந்நாட்டில் பெருகிய இந்தியன் ஸ்பிட்ஸ் என்று பின்னர் அறிந்தேன். முத்து என்று பெயரிட்டேன். மாலைச் செபத்தின்போது கோவில் வாசற்படியில் முன்னங்கால்மேல் முகம் வைத்துப் படுத்திருக்கும். தனிமை என்பது என்னவென்று குருத்துவக் கல்லூரியில் படித்திருந்தேன். இரவு எட்டு மணிக்குப் பங்கு இல்லத்துக் கதவைத் தாழிடும்போதுதான் அதனை அறிந்தேன். அக்காலத்தில் எனக்குத் துணையாயிருந்தது அந்த வாயில்லாப் பிராணி.

அது ஒரு மே மாதம். கிளைக்கிராமம் ஒன்றில் இறப்பு என்று ஆள் வந்தது. முத்துவைச் சமையற்கட்டின் பின்புறத் தாழ்வாரத்தில் கட்டி, ஒரு கிண்ணத்தில் நீர் வைத்துவிட்டுப் புறப்பட்டேன். நண்பகலுக்குள் திரும்பிவிடலாம் என்பது என் கணக்கு. வெளியூரிலிருந்து மகன் வரவேண்டும் என்று அடக்கம் தாமதமாயிற்று. நான் திரும்பியபோது மாலை ஐந்து மணி. தாழ்வாரத்தின் மேற்கூரை கல்நார்த் தகடு. நீர்க்கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. சங்கிலி எட்டும் தூரம்வரை தரையைப் பிறாண்டிய தடங்கள் இருந்தன. முத்து நிழல் விழுந்திருந்த சுவரோரத்தில் ஒட்டிப் படுத்திருந்தது. உயிர் இல்லை.

கால்நடை மருத்துவர் ஒருவர் பின்னர் எனக்கு விளக்கினார். நமக்கு மேனியெங்கும் வியர்க்கிறது; வியர்வை உலரும்போது உடல் குளிர்கிறது. நாய்க்கோ பாதங்களின் அடிப்புறத்தில் சிறிதளவே வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு இளைத்து இளைத்துத்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். அதன் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38.5 டிகிரி செல்சியஸ். அது 41 டிகிரிக்கு மேல் ஏறினால் உறுப்புகள் ஒவ்வொன்றாய்ச் செயலிழக்கத் தொடங்கும். சுற்றிலும் உள்ள காற்றே கொதிக்கும்போது எவ்வளவு இளைத்தும் பயன் இல்லை. "யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, ஃபாதர். அதன் உடம்பு எப்படிப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்" என்றார். அந்தச் சொல் என் நெஞ்சில் தைத்தது. நான் அதன் வெண்மையைப் புகழ்ந்திருக்கிறேன்; வருவோர்க்கெல்லாம் அதன் மென்மையைக் காட்டியிருக்கிறேன். அந்த மென்மை அதற்கு எத்தகைய சுமை என்று ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லை. அதன்பின் நான் நாய் வளர்க்கவில்லை.

வாக்களித்தபடி அந்த வாரமே நெசவாளர் வீட்டுக்குச் சென்றேன். செல்லுமுன் அறிந்தவரைக் கேட்டும் படித்தும் சில செய்திகளைத் திரட்டிக்கொண்டேன். வளர்ப்பு நாயைத் தேடும் மற்றப் பெற்றோர்க்கும் அவை பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நாம் புசுபுசுவென்று வியக்கும் நாய்களிற் பலவற்றுக்கு உரோமம் இரண்டு அடுக்கு. மேலே நீண்ட முடி. அதனடியில் பஞ்சுபோன்ற அடர்ந்த உள்முடி. இது அழகுக்காக அமைந்தது அன்று, பனிக்காக அமைந்தது. சிறுமி காட்டிய படத்திலிருந்த சைபீரியன் ஹஸ்கி, உறைபனி நாட்டில் சறுக்குவண்டி இழுப்பதற்காகச் சுக்சி இன மக்கள் வளர்த்த நாயின் வழிவந்தது. நெடுந்தூரம் ஓடினாலன்றி அதற்கு மனநிறைவு இல்லை. பொமரேனியனின் பெயர், பால்டிக் கடலோரத்துப் பொமரேனியா நாட்டிலிருந்து வந்தது. லாசா ஆப்சோ, ஷீ சூ ஆகிய சிறு சடைநாய்களின் பூர்விகம் திபெத்து. அவற்றின் முடி ஓயாமல் வளர்வது. நாள்தோறும் சீவாவிட்டால் சிக்கு விழுந்து தோலையே புண்ணாக்கிவிடும்.

நம் திருச்சபையின் வரலாற்றோடு தொடர்புடைய ஒரு நாயும் உண்டு. ஆல்ப்ஸ் மலையில் சுமார் 2,470 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய். அங்கே 11-ஆம் நூற்றாண்டில் புனித பெர்னார்து வழிப்போக்கர்க்காக ஒரு சத்திரத்தை நிறுவினார். அவரையே 1923-இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். அச்சத்திரத்துத் துறவியர் 17-ஆம் நூற்றாண்டு முதல் பெரிய நாய்களை வளர்த்து, பனியில் வழி தவறியோரைத் தேடுவதற்குப் பயன்படுத்தினர். 1800 முதல் 1814 வரை வாழ்ந்த பாரி என்னும் நாய் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்தது என்பர். அதன் உடல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் காக்கப்படுகிறது.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. பாரியின் காலத்தில் அந்நாய்களுக்கு உரோமம் குட்டையாகவே இருந்தது. கடுங்குளிரைத் தாங்கட்டும் என்று 19-ஆம் நூற்றாண்டில் அவற்றை நியூபவுண்ட்லாந்து என்னும் நீள்முடி நாய்களோடு கலந்தார்கள். பிறந்த குட்டிகள் சடைசடையாய் அழகாக இருந்தன. ஆனால் பனியில் இறங்கியதும் அந்த நீள்முடியில் பனிக்கட்டி ஒட்டி உறைந்து, சுமை தாளாமல் அவை தளர்ந்தன. பயன்படாது என்று துறவியர் அவற்றைப் பள்ளத்தாக்கில் இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். பனிமலையிலேயே பொருந்தாத சடை ஆரணியின் கத்திரி வெயிலில் என்ன பாடுபடும்! தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், சைபீரியன் ஹஸ்கி, அலாஸ்கன் மலமூட், செயின்ட் பெர்னார்டு முதலிய சில இனங்களை நம் வெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று ஒதுக்கியதன் பொருள் இப்போது விளங்குமன்றோ?

வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்கு மற்றொரு பாடம் காத்திருந்தது. முன்கூடம் முழுவதும் தறியே. அரக்குநிறப் பாவு, அச்சுக்கும் விழுதுக்கும் ஊடாக விரிந்து ஒளிர்ந்தது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதை நாம் பெருமையோடு சொல்கிறோம். அந்தப் பெருமை இத்தகைய ஒற்றை அறைகளில்தான் இழை இழையாக உருவாகிறது. நெசவாளர் நாடாவை நிறுத்திவிட்டு, தாம் அதுவரை மகளிடம் சொல்லத் தயங்கியதை என்னிடம் சொன்னார்.

"வெள்ளை முடி ஒண்ணு பறந்து வந்து இந்தப் பாவுல விழுந்தால், ஊடையோடு சேர்ந்து உள்ளே போயிடும், சாமி. எடுக்கப் போனால் இழை அறும். எடுக்காவிட்டால் புடவையில் பழுது. பழுதுன்னா கூலியில் பிடிப்பாங்க. அந்தக் குட்டி விலையோ, நான் பல புடவை நெய்தால்தான் தேறும். இதையெல்லாம் சொன்னால், ஆயா போனதும் அப்பாவுக்கு நம்ம மேலே பாசமில்லைன்னு நினைச்சுக்குவாளோன்னு பயமா இருக்கு."

அழைத்து உட்கார வைத்தேன் சிறுமியை. பனிநாட்டு நாயின் கதையைச் சொன்னேன். பின்பு, எவரிடமும் சொல்லாத முத்துவின் கதையையும் சொன்னேன். கவிழ்ந்த கிண்ணத்தைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் உடைந்தது. குழந்தை என்னை உற்று நோக்கிக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் அவள் கேட்டாள்:

"பட்டுப்புழுவையும் வெந்நீரில்தானே போடுறாங்க, சாமி? புடவை மெத்துன்னு இருக்கணும்னுதானே? பள்ளிக்கூடத்தில் சொன்னாங்க. அது மட்டும் பாவம் இல்லையா?"

அறையில் அமைதி நிலவியது. அவள் சொன்னதில் பிழையில்லை. புழு அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்து வெளியே வந்தால் இழை அறுந்துபோகும். அதனால் அதற்கு முன்பே ஆவியிலோ வெப்பத்திலோ அதனைக் கொன்று, கூட்டை வெந்நீரிலிட்டு, ஆயிரம் மீட்டர் வரையிலும் நீளக்கூடிய ஒற்றை இழையை உருவி எடுக்கிறார்கள். திருமணத்துக்கு வரும் மணமகளிர் பலரைப் பட்டுடுத்தி நிற்கக் கண்டு மணமந்திரம் ஓதியவன் நான். இறையியல் பயின்ற எனக்கு அக்கணத்தில் விடை கிடைக்கவில்லை.

விடை சொன்னவர் தந்தை. தறிக்குழியில் அமர்ந்தபடியே, பாவை மெல்லத் தடவிக்கொண்டு சொன்னார்:

"நான் அந்தப் புழுவைப் பார்த்ததே இல்லம்மா. கர்நாடகத்திலிருந்து நூலாத்தான் என் கைக்கு வருது. எங்கப்பா காலத்திலிருந்து இதுதான் நமக்குச் சோறு. கண்ணெதிரே பார்த்திருந்தால் என்ன செய்திருப்பேனோ, எனக்குத் தெரியாது. ஆனால் நீ கேட்கிற குட்டி நம்ம கண்ணெதிரேதானே படப்போகுது?"

அன்பான பெற்றோர்களே, அதைவிடச் சிறந்த மறையுரையை நான் ஆற்றியதில்லை. மென்மை என்பது இவ்வுலகில் இலவசமாகக் கிடைப்பதில்லை. யாரோ ஒருவர் அதற்கு விலை கொடுக்கிறார். நம் கண்ணுக்கு எட்டாத விலைகளுக்கு நாம் எவ்வளவு பொறுப்பு என்பது கடினமான கேள்வி. அதனை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். ஆனால் கண்ணெதிரே, நம் கூரையின்கீழ், நம்மை நம்பி வாழவரும் உயிர் கொடுக்கப்போகும் விலையைக் கேட்டறியாமல் அதனை அழைத்து வரலாகாது. இதில் எனக்கு ஐயமில்லை.

சடைநாயே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே அதனை வளர்ப்போரும், வசதியுள்ள இல்லத்தாரும் சிலவற்றை மனத்தில் கொள்ளட்டும். கோடையில் விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பின்னும் மட்டுமே அதனை நடத்திச் செல்லுங்கள். காற்றோட்டமான நிழலும், கவிழாத கனத்த பாத்திரத்தில் நீரும் எப்போதும் இருக்கட்டும். வெயிலுக்கு நல்லது என்று ஈரடுக்கு உரோமத்தை ஒட்டச் சிரைத்துவிடாதீர்கள்; வெயிலைத் தடுப்பதிலும் அதற்குப் பங்குண்டு. நாள்தோறும் சீவி, உதிரும் உள்முடியை அகற்றுங்கள். மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும், பின்னர் ஆண்டுதோறும் தவறாமல் மறு ஊசியும் போடுங்கள். விலைக்கு வாங்குவதானால் தாய்நாயையும் அது வாழும் இடத்தையும் பாருங்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது என்பது 2017-ஆம் ஆண்டின் மைய அரசு விதி. எல்லாவற்றுக்கும் மேலாக, நாய் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் வாழும். இன்று பத்து வயதுப் பிள்ளை கேட்கும் குட்டியை, அப்பிள்ளை கல்லூரிக்கும் வேலைக்கும் போன பின் யார் பார்ப்பது என்பதை இன்றே பேசி முடியுங்கள்.

நம் நாட்டு இனங்களை நாடுவோரும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். இராசபாளையம் நாய்க்கு 2005-இல் அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது இந்திய அரசு. சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவையும் நம் வெயிலுக்குப் பழகிய குட்டைமுடி நாய்களே. ஆயினும் அவை வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்தவை. ஓடுவதற்கு இடம் வேண்டுபவை. தறியும் கட்டிலும் போக எஞ்சிய நான்கடித் தரையில் அவற்றைக் கட்டிப்போடுவதும் ஒருவகைக் கொடுமையே.

அன்று விடைபெறுமுன் சிறுமிக்குத் தோபித்து ஆகமத்திலிருந்து ஒரு நிகழ்ச்சியைச் சொன்னேன். தோபித்து பார்வை இழந்தபோது அவர் மனைவி அன்னா நெசவுக் கூலி வேலை செய்து குடும்பத்தைக் காத்தார். நெய்த துணியை வெட்டி உரியவரிடம் அனுப்பிக் கூலி பெற்றார். அந்த நெசவாளியின் மகன் தோபியா தொலைவழிப் பயணம் புறப்பட்டபோது, வானதூதரோடு கூடவே ஒரு நாயும் சென்றது. திரும்பியபோதும் உடன் வந்தது. அதன் நிறம் என்ன, இனம் என்ன, உரோமம் நீளமா குட்டையா என்று ஆகமம் ஒன்றும் சொல்லவில்லை. கூடச் சென்றது என்பதை மட்டுமே சொல்கிறது. சிறுமி ஒன்றும் பேசவில்லை. அவள் கண்களில் நீர் நின்றது. அவள் கேட்டதை நான் மறுத்துவிட்டேன் என்றே அவளுக்குத் தோன்றியிருக்கும். அத்துயரோடுதான் திரும்பினேன்.

மாதங்கள் கடந்தன. கார்த்திகை மாத இறுதியில், கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கென்று கொட்டகையில் அடுக்கியிருந்த வைக்கோலில் தெருநாய் ஒன்று நான்கு குட்டிகளை ஈன்றிருந்தது. உபதேசியார் விரட்டப் போனார்; நான் தடுத்தேன். குடிலுக்கு வேறு வைக்கோல் வாங்கிக்கொண்டோம். செய்தி எப்படியோ சிறுமிக்கு எட்டிவிட்டது. நாள்தோறும் பள்ளி விட்டதும் வந்து தொலைவில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். எட்டு வாரம் என்று நான் சொல்லியிருந்ததை நினைவில் வைத்து, நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தாள்.

தை மாதத்தில் அவள் தந்தை ஒரு கூடையுடன் வந்தார். செம்பழுப்பு நிறக் குட்டி ஒன்றைச் சிறுமி தூக்கிக்கொண்டாள். கூடையில் ஆயாவின் பழைய நூற்புடவை ஒன்று மடித்துப் போடப்பட்டிருந்தது. தறி இருக்கும் கூடத்தின் வாயிற்படிக்குக் குறுக்கே நெசவாளர் ஒரு பலகை அடித்திருக்கிறார். பின்கட்டில், வேப்பமர நிழலில் குட்டியின் வாசம். மூன்றாம் மாதத்தில் அரசு கால்நடை மருத்துவமனையில் தடுப்பூசி போட்டாயிற்று.

சென்ற வாரம் அவ்வழியே போனபோது எட்டிப் பார்த்தேன். சிறுமி வேப்பமரத்தடியில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்தாள். நாய் அவள் மடியில் தலை வைத்து உறங்கிக்கொண்டிருந்தது. அருகில் கனத்ததொரு கல்தொட்டியில் நீர். தொட்டி கவிழாது என்று எனக்குக் காட்டுவதற்காகவே அதனை ஒருமுறை தள்ளிப் பார்த்தாள்.

"சடையெல்லாம் இல்லை, சாமி. ஆனா காதை மட்டும் தொட்டுப் பாருங்க. பட்டு மாதிரி இருக்கு" என்றாள்.

இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு நாயின்மேல் கை வைத்தேன். அவள் சொன்னது உண்மைதான்.